கருடன் அடுப்பு

நேற்றுக் காலை பூங்காவில் நீங்கள் நாலு பேரும் மிக்ஸியைத் திட்டித் தீர்த்தீர்கள். ஒருத்தி வீட்டில் வாங்கி எட்டே மாதத்தில் புகைந்துவிட்டதாம். இன்னொருத்தி வீட்டில் கம்பெனிக்காரனை போனில் பிடிக்கவே ஒரு வாரம் ஆயிற்றாம். நல்ல சாமானாகப் பார்த்து, கேட்ட விலையைக் கொடுத்து வாங்கியிருந்தால் உழைத்திருக்கும் என்று நான் வாயெடுத்தேன். "ஆரம்பிச்சுட்டா பாட்டி" என்று சிரித்தீர்கள். எனக்கு எண்பத்து நாலு என்றால் உங்களில் ஒருத்திக்கும் எண்பதுக்குக் குறைவில்லை. நமக்குள் யார் பாட்டி? வாயால் சொன்னால் குறுக்கே பேசுவீர்கள் என்றுதான் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். கண்ணாடி கொண்டுவந்தவள் படிக்கட்டும், மற்றவர்கள் கேளுங்கள்.

கொடுத்த விலைக்குக் கூசாமல் உழைத்த சாமான்கள் என் ஆயுளில் கொஞ்சம்தான். அப்பாவின் கறுப்புக் குடை ஒன்று. மூன்று தடவை துணி மாற்றினோம், கம்பி ஒன்றுகூட வளையவில்லை. பிறகு சந்தன சோப்பு. நகத்தளவு சில்லாகத் தேய்ந்த பிறகும் முதல் நாள் மணம் மாறாமல் இருக்கும். அதன் காலிப் பெட்டியைப் பாவாடைகளுக்கு நடுவில் வைத்துக்கொள்ள எனக்கும் அம்மாவுக்கும் போட்டி நடக்கும். பெட்டியும் போயிற்று, குடையும் போயிற்று. இன்னும் என்னிடம் இருப்பது ஒரு பித்தளை ஸ்டவ். அது என் அம்மாவின் மூச்சைக் காப்பாற்றியது. அந்த ஸ்டவ்வைக் காப்பாற்றியது யார் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

பழைய மகாராஜா இருந்த காலம், எனக்கு ஒன்பது வயது. நாங்கள் மேல்கோட்டையிலிருந்து வந்த ஐயங்கார் குடும்பம். மைசூர் அக்ரஹாரத்தில் ஒரு குறுகலான ஓட்டு வீட்டில் இருந்தோம். அப்பா சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. அம்மா, நான், பிறகு பெரியம்மா. பெரியம்மா என்றால் அப்பாவின் அண்ணன் மனைவி. அவள் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்தபோது அப்பாவுக்கு ஐந்து வயதாம். சோறு ஊட்டி வளர்த்தவள் அவள்தான். பெரியப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார், குழந்தையும் கிடையாது. வீட்டில் எது ஆசாரம், எது அநாசாரம் என்பதிலெல்லாம் அவள் சொன்னதுதான் சட்டம்.

எங்கள் வீட்டுப் பெருமாளுக்கு அமுது செய்யும் சமையல், நாங்கள் தளிகை என்போம், அது சுமங்கலி கையால்தான் ஆக வேண்டும் என்பது அந்தச் சட்டங்களில் ஒன்று. ஆகையால் அடுப்படி முழுவதும் அம்மா தலையில். அம்மாவுக்கோ மூச்சிழுப்பு நோய். வெயில் காலத்தில் எப்படியோ ஓட்டிவிடுவாள். ஆடி பிறந்து தூறல் பிடித்தால் விறகு ஈரம், ஓலை ஈரம், சுவரே ஈரம். ஊதுகுழலை வாயில் வைத்து ஊதுவாள். அடுப்பு பிடிக்காது, புகைதான் பிடிக்கும். இரண்டு கரண்டி கிளறுவாள், பிறகு கொல்லை நிலையைப் பிடித்துக்கொண்டு தோள் ஏறி இறங்க நிற்பாள். திரும்பப் போய் இரண்டு கரண்டி கிளறுவாள். பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது அவள் மூச்சு இழுக்கும் அந்த விசில் சத்தம் வாசலிலேயே எனக்குக் கேட்கும். கேட்டால் உள்ளே ஓடுவேன். கேட்காவிட்டால் இன்னும் வேகமாக ஓடுவேன்.

வைத்தியம் பார்த்த டாக்டர் மருந்தைவிடப் புகையைத்தான் அதிகம் பேசினார். புகை இல்லாத அடுப்பு ஒன்று சீமையிலிருந்து வந்திருக்கிறது என்று அவர்தான் அப்பாவிடம் சொன்னார். தேவராஜ மார்க்கெட்டுக்கு எதிர்வரிசையில் ஒரு சாயபு கடை இருந்தது. லாந்தர், பூட்டு, ஸ்டவ் எல்லாம் விற்பார். அங்கே இரண்டு ஸ்டவ் இருந்தனவாம். ஒன்று தகரத் தொட்டி வைத்தது, பாதி விலை. மற்றது முழுக்கப் பித்தளை. அதன் வயிற்றில் ஒரு பறவை முத்திரை அடித்திருந்தது. அப்பாவின் அரை மாதச் சம்பளம் அது. இதை வாங்கினால் உங்கள் பெண்ணும் இதில் சமைப்பாள் என்று சாயபு சொன்னாராம். வியாபாரி வாயில் வந்த எத்தனையோ வார்த்தையில் அந்த ஒரு வார்த்தை அப்படியே பலித்தது. நான் அதில் முப்பது வருஷம் சமைத்தேன்.

ஆடி முதல் வாரம் வைக்கோல் அடைத்த மரப்பெட்டியில் ஸ்டவ் வந்து இறங்கிய அன்று பெரியம்மா அதைச் சுற்றி வந்து பார்த்தாள். இது எதனால் ஆனது என்றாள். பித்தளை என்றார் அப்பா. எரிவது எது என்றாள். மண்ணெண்ணெய், பூமிக்குள்ளிருந்து வருகிறது, தோஷமில்லை என்றார். பெரியம்மாவின் முகம் தெளியவில்லை. பிறகு அந்த முத்திரையைக் கண்டாள். எனக்கு அது வாத்து மாதிரிதான் இருந்தது. அம்மா பின்னாலிருந்து கிளி என்று முணுமுணுத்தாள். பெரியம்மா குனிந்து விரலால் தடவிப் பார்த்தாள்.

"மூக்கைப் பாரு, ரெக்கையைப் பாரு. இது பெரிய திருவடின்னா" என்றாள்.

பெரிய திருவடி என்று நாங்கள் சொல்வது கருடனை. பெருமாளின் வாகனமே முத்திரையாக வந்திருக்கும்போது அந்த அடுப்பு தளிகை அறைக்குள் நுழைவதைத் தடுக்க யாருக்கு வாய் வரும்? அப்பா குனிந்து சிந்திய வைக்கோலைப் பொறுக்கினார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குக் கருடன் அடுப்பு என்று பெயர்.

அதைப் பற்ற வைப்பதே ஒரு காட்சி. மேலே உள்ள சின்னக் கிண்ணத்தில் ஸ்பிரிட்டு ஊற்றிக் கொளுத்தினால் நீலமாக, சத்தமில்லாமல் எரியும். அது அடங்கும் சமயம் பார்த்து அம்மா பம்பை அடிப்பாள். பத்து அடியில் ஹோவென்று ஒரு இரைச்சல் கிளம்பும். பக்கத்து வீட்டுக்காரர்கள் மணி பார்ப்பதுபோல் அந்த இரைச்சலைக் கேட்டு, ஐயங்கார் வீட்டில் உலை வைத்தாயிற்று என்பார்களாம். எண்ணெய் வரும் துவாரம் அடைத்துக்கொண்டால் குத்துவதற்குத் தகரக் கைப்பிடி வைத்த மெல்லிய ஊசி ஒன்று உண்டு. அதை எடுத்துக் கொடுப்பது என் வேலை. புகை கிடையாது. பாத்திரத்தின் அடி கறுக்காது. ஆடி, ஆவணி இரண்டு மாதமும் அம்மா சமைத்துக்கொண்டே பேசினாள். அதற்கு முன் அவள் சமையல் நேரத்தில் பேசி நான் கேட்டதே இல்லை. அவள் பிறந்த வீட்டுக் கதையெல்லாம் நான் அந்த மழைக்காலத்தில் கேட்டதுதான். அப்பாவையும் சாயபுவையும் சீமையில் அதைச் செய்த முகம் தெரியாத கம்பெனிக்காரனையும் நினைத்து இன்றைக்கும் கைகூப்பத் தோன்றுகிறது.

எதிர்வீட்டுக்காரர் பாதி விலை ஸ்டவ்வை வாங்கிவந்து, அப்பாவை ஏமாளி என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார். ஆவணி முதல் வாரத்தில் அதன் தகரத் தொட்டி ஈயப் பற்று விட்டு அடியில் பிளந்தது. நல்லவேளை, யாரும் பக்கத்தில் இல்லை. மறுநாள் அதில் துளசி நட்டிருந்தார்கள்.

இனி நான் செய்த காரியத்துக்கு வருகிறேன். ஆவணிக் கடைசியில் ஒரு நாள் எங்கள் பம்பு தொளதொளவென்று ஆகிவிட்டது. எவ்வளவு அடித்தாலும் காற்று உள்ளே போகவில்லை. அப்பா ஆபீஸ் வேலையாக நஞ்சன்கூட்டுக்குப் போயிருந்தார். அம்மா பம்புக் கம்பியை என்னையே திருகி உருவச் சொல்லி, ஒரு பையில் போட்டு, சாயபுவிடம் காட்டிக்கொண்டு வா என்று என்னை அனுப்பினாள். சாயபு கம்பியின் நுனியைப் பார்த்தார். அங்கே சின்னக் கிண்ணம் கவிழ்த்தது போல ஒரு வாஷர் இருந்தது. விரலால் அழுத்திப் பார்த்துச் சிரித்தார். ஒன்றும் கெடவில்லை, தோல் காய்ந்துவிட்டது, இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டால் போதும் என்றார். காசு வாங்கவில்லை.

செலவில்லாமல் காரியத்தை முடித்துக்கொண்டு வந்த பெருமை எனக்கு. கூடத்தில் பெரியம்மா துளசி ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் அங்கே நின்றபடியே உள்ளே கத்தினேன்.

"அம்மா, தோல் காஞ்சுபோச்சாம். ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டா சரியாயிடுமாம்."

பெரியம்மாவின் கை நின்றது. எந்தத் தோல் என்று மெதுவாகக் கேட்டாள். நான் சந்தோஷமாகப் பையைத் திறந்து காட்டினேன். காட்டிக்கொண்டிருக்கும்போதே அம்மா கதவருகில் வந்து நின்றதையும், அவள் முகம் வெளுத்ததையும் பார்த்தேன். என்ன தப்பு செய்தேன் என்று அப்போதும் எனக்குப் புரியவில்லை.

எங்கள் வீட்டில் செருப்பைக் கையால் தொட்டால் குளிக்க வேண்டும். தோல் வார் போட்ட பையோடு வரும் தபால்காரர்கூட வாசற்படியில் நின்றே கடிதத்தைப் போடுவார். அப்படிப்பட்ட வீட்டில், பெருமாளுக்குத் தளிகை நடக்கும் அடுப்பின் வயிற்றில் இரண்டு மாதமாக மாட்டுத் தோல் இருந்திருக்கிறது. பெரியம்மா கத்தவில்லை. ஸ்டவ்வைக் குச்சியால் தள்ளிக் கொல்லைக் கொட்டகைக்கு அனுப்பினாள். எல்லாப் பாத்திரமும் புளி போட்டுத் தேய்க்கப்பட்டது. தளிகை அறையைச் சாணி போட்டு மெழுகினாள். அன்று மாலை மறுபடி விறகு அடுப்பு புகைந்தது. இரண்டாம் நாள் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது வாசலில் அந்த விசில் கேட்டது.

நஞ்சன்கூட்டிலிருந்து திரும்பிய அப்பா மன்றாடினார். கோயிலில் மத்தளம் தோல்தானே, பெருமாள் சந்நிதியிலேயே அடிக்கிறார்களே என்றார்.

"மத்தளத்துல யாரும் சாதம் வடிக்கறதில்லை" என்றாள் பெரியம்மா. பிறகு, "தெரிஞ்சுதானே வாங்கிண்டு வந்தே?" என்று கேட்டாள்.

அப்பா தரையைப் பார்த்தார். தெரிந்துதான் வாங்கியிருக்கிறார். தன்னை வளர்த்தவளிடம் அவர் மறைத்தது அந்த ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அம்மாவின் மூச்சை ஒரு கையிலும் பெரியம்மாவின் ஆசாரத்தை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு அவர் என்னதான் செய்வார் பாவம். எனக்கு அப்போது பெரியம்மா மேல் வந்த கோபம் கொஞ்சமில்லை. அவள் கல் நெஞ்சுக்காரி என்று பள்ளிக்கூடத்துத் தோழியிடம் அழுதுகொண்டே சொன்னேன்.

நாலு நாள் கழித்து அப்பாவுக்கு ஒரு யோசனை உதித்தது. தோலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பட்டு வைத்தால் என்ன? பட்டுக்கு எப்போதும் மடி என்கிற ஆசாரச் சுத்தம் உண்டு, துவைக்காவிட்டாலும் போகாது. புழுவைக் கொதிக்க வைத்து எடுத்த நூல் எப்படி மடி ஆயிற்று, தோல் எப்படித் தீட்டாயிற்று என்று கேட்கிற ஆள் அந்த வீட்டில் இல்லை. பெரியம்மாவுக்கு முகம் மலர்ந்தது. வெள்ளைக்காரனுக்கு மடி தெரியாது, அதனால் அவனுக்குத் தோல் தோன்றியிருக்கிறது, தெரிந்திருந்தால் பட்டையே வைத்திருப்பான் என்று அப்பா சொல்ல, அதுவும் நியாயம் என்றாள். அப்பா தன் கல்யாணத்துப் பட்டு வேஷ்டியின் ஓரத்தைக் கத்தரித்து, நாலாக மடித்து, வட்டமாகத் தைத்து, நெய்யில் நனைத்துக் கம்பி நுனியில் முடுக்கினார். பழைய தோலைச் சாக்கடையில் எறிந்தார். சாயபு தலையில் அடித்துக்கொண்டாராம். பட்டு உடுத்துவதற்கு, காற்றைப் பிடிக்கத் தோல்தான் வேண்டும் என்று அவர் சொன்னதை அப்பா வீட்டில் சொல்லவே இல்லை. படித்த மனிதர், பாசமுள்ள மனிதர். இருந்தாலும் அந்த இடத்தில் அவர் கணக்கு தப்பிவிட்டது.

முதல் இரண்டு நாள் ஏதோ எரிந்தது. பத்து அடி அடித்த இடத்தில் ஐம்பது அடி அடிக்க வேண்டும். நீலம் போய் மஞ்சளாக எரிந்தது. பெரியம்மா திருப்தியாக இருந்ததால் அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் புரட்டாசிச் சனிக்கிழமை. அன்று பெருமாளுக்குச் சர்க்கரைப் பொங்கல், புளியோதரை, வடை என்று பெரிய தளிகை. அம்மா அடித்துக்கொண்டே இருந்தாள். காற்று நிற்கவில்லை. காற்று போதாமல் மண்ணெண்ணெய் ஆவியாகாமல் அப்படியே மேலே வந்து கிண்ணத்தில் தேங்கி வழிந்திருக்கிறது. அது அம்மாவுக்குத் தெரியவில்லை. குபீரென்று ஜ்வாலை ஓட்டுக் கூரை வரை எழும்பிற்று. கரும் புகை அறையை நிறைத்தது. நான் கூடத்தில் இருந்தேன். அம்மா வெளியே வரவில்லை. இருமல் ஒன்று, இரண்டு கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

பெரியம்மா குளித்து மடியாகக் கொல்லையில் நின்றிருந்தாள். கொல்லை வாசலில் எல்லோரும் கால் துடைக்கிற சாக்கு ஒன்று மழையில் நனைந்து கிடக்கும். மடியாக இருக்கும்போது அதன் பக்கம்கூட அவள் நடக்கமாட்டாள். அதை இரண்டு கையாலும் வாரி எடுத்துக்கொண்டு உள்ளே பாய்ந்து ஸ்டவ்வின் மேல் போட்டாள். அம்மாவை இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அம்மாவின் உதடு நாவற்பழ நிறத்தில் இருந்தது.

ஸ்டவ் வெடிக்கவில்லை. அவ்வளவு நெருப்பிலும் அந்தப் பித்தளைத் தொட்டியில் ஒரு பற்று விடவில்லை, ஒரு திருகு இளகவில்லை. எதிர்வீட்டுத் தகரமாக இருந்திருந்தால் இதை எழுத அம்மாவின் பெண் இருந்திருக்கமாட்டாள், ஏனென்றால் நான் அதற்குள் கதவருகில் ஓடிவந்து நின்றிருந்தேன். விலை என்று நாம் புலம்புகிறோமே, அதில் பாதி இப்படிப்பட்ட ஒரு நாளுக்காகக் கொடுப்பது.

டாக்டர் வந்தார். ஊசி போட்டார். புறப்படும்போது வாசலில் அப்பாவிடம், இன்னொரு மழைக்காலம் இந்தப் புகையில் நின்றால் என்னைக் கூப்பிட்டுப் பிரயோஜனமில்லை என்றார். அந்நிய ஆண்கள் எதிரில் வராத பெரியம்மா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள். அன்று பெருமாளுக்குப் பாலும் பழமும்தான். பெரியம்மா அதையும் சாப்பிடவில்லை. அம்மாவின் பாயருகில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் காலை தூறிக்கொண்டிருந்தது. பெரியம்மா அப்பாவின் கறுப்புக் குடையை எடுத்துக்கொண்டு, அந்தக் கடை எங்கே இருக்கிறது, காட்டு என்று என்னைக் கூப்பிட்டாள். கோயிலுக்கும் சாவு வீட்டுக்கும் தவிர அவள் தெருவில் இறங்கி நான் பார்த்ததில்லை. மார்க்கெட் கூட்டத்தில் யார் மேலும் படாமல் ஒதுங்கி ஒதுங்கி நடந்தாள். கடைக்கு எதிரில், தெருவிலேயே, குடையைப் பிடித்தபடி நின்றாள். நான் ஐயங்கார் வீட்டுப் பெண் என்று தெரிந்திருந்ததால் சாயபு எழுந்து நின்றார். கன்னடத்தில்தான் பேசிக்கொண்டார்கள். பம்புக்குப் போடுகிற தோல் வேண்டும் என்றாள் பெரியம்மா.

சாயபு இரண்டு காகிதப் பொட்டலங்களை எடுத்து வைத்தார். ஒன்று இங்கே உள்ளூரில் வெட்டியது. மற்றதில் அதே பறவை அச்சிட்டிருந்தது, மூன்று பங்கு விலை. எது எத்தனை நாள் வரும் என்று கேட்டாள். உள்ளூர்த் தோல் ஒரு வருஷம், கம்பெனித் தோல் எண்ணெய் விட்டுக்கொண்டு வந்தால் பத்து வருஷத்துக்குக் கேட்காது என்றார். பிறகு தயங்கினார். தாயே, எதுவானாலும் தோல்தான், பிறகு என்னைச் சொல்லக்கூடாது என்றார்.

"தெரியும்" என்றாள் பெரியம்மா. "எதைத் தொட்டாலும் குளிக்கத்தான் வேணும். மட்டத் தோலைத் தொட்டுட்டுக் குளிக்கறதுக்கு நல்ல தோலையே தொட்டுட்டுக் குளிக்கறேன்."

சாயபு அதைக் காகிதத்தோடு படியில் வைக்கக் குனிந்தார். பெரியம்மா கையை நீட்டினாள். அவர் நிமிர்ந்து அவள் உள்ளங்கையில் வைத்தார். பம்பை எப்படிக் கழற்றுவது, எந்தப் பக்கம் திருகுவது, எவ்வளவு எண்ணெய் என்று மூன்று தடவை செய்துகாட்டச் சொன்னாள். நானும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வீட்டுக்கு வந்து கொல்லைக் கல்லில் ஸ்டவ்வை வைத்துக்கொண்டு, கருகிய பட்டைப் பிடுங்கி எறிந்தாள். புதுத் தோலைத் தன் கையாலேயே எண்ணெயில் ஊறவைத்து முடுக்கினாள். அம்மா எழுந்து வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அக்கா, நீங்கள் போய் இதைத் தொடவா, நான் செய்கிறேன் என்று அருகில் வந்தாள்.

"கிட்ட வராதே" என்றாள் பெரியம்மா. "தோல் உள்ளே இருக்கு, சாதம் வெளியில இருக்கு, நடுவுல பித்தளை இருக்கு. யோசிச்சுட்டேன், தோஷமில்லை. ஆனா பெருமாளுக்குத் தளிகை பண்ற கை இதைத் தொடப்படாது. நான் தொட்டுக்கறேன். நீ மூச்சு விடு, போறும்."

பிறகு கிணற்றடிக்குப் போய்த் தலையோடு ஐந்து குடம் ஊற்றிக்கொண்டாள்.

அந்த வருஷம் ஊரெல்லாம் ஆயுத பூஜைக்கு யானைக்கும் குதிரைக்கும் பொட்டிட்டார்கள். எங்கள் வீட்டில் அன்றைக்குக் கல்விக்கு உரிய ஹயக்ரீவரைத்தான் சேவிப்போம். இருந்தாலும் மைசூரில் இருந்துகொண்டு ஆயுதங்களை விட முடியாதே. அப்பாவின் பேனா, என் சிலேட்டு, அரிவாள்மணை என்று வரிசையாக வைத்தோம். பெரியம்மா தூரத்தில் உட்கார்ந்து, திருவடியையும் கொண்டுவந்து வை என்றாள். ஸ்டவ்வைத் தேய்த்துத் துடைத்து வைத்தேன். சந்தனம் இடச் சொன்னாள். அந்தப் பறவையின் நெற்றியில் நான்தான் இட்டேன்.

வெள்ளிக்கிழமை தோறும் சாயங்காலம் பெரியம்மா ஸ்டவ்வைக் கொல்லைக்கு எடுத்துப் போவாள். பம்பைக் கழற்றுவாள், இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு விரலால் தோலைப் பிசைவாள், முடுக்குவாள், குளிப்பாள். மார்கழிக் குளிரிலும் அதே பச்சைத் தண்ணீர். அருவருப்பினால்தான் அப்படிக் குளிக்கிறாள் என்று நினைத்து, அவள் நடுங்குவதை நான் தோழிகளிடம் நடித்துக்காட்டிச் சிரித்திருக்கிறேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. தனக்கென்று அவள் அந்த ஸ்டவ்வில் ஒரு பருக்கைகூட ஆக்கிக்கொள்ளவில்லை. கொட்டகையில் மூன்று கல் வைத்து, ஒரு வேளைச் சோற்றை விறகில்தான் பொங்கினாள், கடைசி வரை. தன் ஆசாரத்தை அவள் விடவில்லை. அம்மாவுக்கு இடைஞ்சலாக இருந்த பங்கை மட்டும் தன் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

அம்மா எழுபத்தெட்டு வயது வரை இருந்தாள். என் குழந்தைகளுக்கும் அதே ஸ்டவ்வில் பருப்புச் சாதம் வைத்துக் கொடுத்தாள். கம்பெனித் தோலை இரண்டே தடவைதான் மாற்றினோம். இப்போது மண்ணெண்ணெய் கிடைப்பதில்லை. இருந்தாலும் மாதம் ஒரு முறை எண்ணெய் விட்டு வைக்கிறேன். போன வருஷம் என் பேரன் அந்த முத்திரையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, இது ஏதோ கடல் காக்காய், மீன் பிடித்துத் தின்னும் என்றான். போடா, அது கருடன் என்றேன்.

பெரியம்மா போனது எனக்கு இருபத்தாறு வயதில். பதின்மூன்றாம் நாள் காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய பிறகு வந்த வெள்ளிக்கிழமை, பம்பு தொளதொளத்தது. அம்மா ஸ்டவ்வைக் கொல்லைக் கல்லுக்கு எடுத்துப் போனாள். வெகுநேரம் ஆகியும் வரவில்லையே என்று போய்ப் பார்த்தேன். எண்ணெய்க் கிண்ணம் பக்கத்தில் இருந்தது. அம்மா பம்பின் மூடியை இந்தப் பக்கம் திருகினாள், அந்தப் பக்கம் திருகினாள். பிறகு இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டு அழ ஆரம்பித்தாள். பதினேழு வருஷம் அந்த ஸ்டவ்வில் சமைத்தவளுக்கு அதை எந்தப் பக்கம் திருகிக் கழற்றுவது என்று தெரியவில்லை.